மருதமரத்தடியில் கிடந்த செருப்பு

சூடு அடிக்கிற களத்துக்குள் செருப்போடு கால் வைக்கக் கூடாது என்பதை நான் பேச்சு வாங்கித்தான் பழகினேன். எனக்கு ஊர் மன்னாரில் பள்ளிமுனை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சில வருடங்கள் கடலுக்குப் போனேன். அது ஒத்துவராமல் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்கத் தொடங்கினேன். விடியப்புறம் கரையில் மீன் எடுத்து, பாலத்தைக் கடந்து, நானாட்டான் பக்கத்து ஊர்களுக்குப் போவேன். மாசி, பங்குனி மாதங்களில் அங்கே வீடு வீடாகத் திரியத் தேவையில்லை. வெட்டிய கதிர்களைக் களத்தில் குவித்து, உழவு மெசினை அதன் மேல் சுற்றிச் சுற்றி ஓட்டி நெல்லைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்; அதுதான் சூடு அடிப்பது. ஊர்ச்சனம் முழுவதும் அங்கேதான் நிற்கும். மீனைக் கொடுத்தால் நெல்லை அள்ளிச் சாக்கில் போடுவார்கள்.

முதல் வருடம் ஒரு பெரிய களத்துக்குள் செருப்போடு போய்விட்டேன். களத்துக்காரர் அறுபது வயது மட்டில் இருக்கும் கமக்காரர். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற நல்ல வயல்கள் அவருடையவை. காவல் குடிலில் இருந்து எழும்பி வந்து என் காலைப் பார்த்தார்.

"தம்பி, நீ உங்கடை கோயிலுக்குள்ளை செருப்போடையோ போறனீ?"

"இல்லை ஐயா."

"அப்ப இஞ்சையும் கழட்டிப்போட்டு வா."

அவர் சத்தம் போடவில்லை. ஆனாலும் எனக்குக் காது சுட்டது. நான் சிறு வயதிலிருந்தே நாலு பேர் பார்த்தால் கால் தடுமாறுகிறவன். திரும்பிப் போய்விடலாமா என்று நின்றபோது, கதிர் உதறிக்கொண்டிருந்த ஒருவன், "ஐயா, மெசின் சில்லோடை உள்ளுக்கு வந்து நிக்குது. அதையும் கழட்டச் சொல்லுங்கோ" என்றான். எல்லோரும் மெசினின் சக்கரங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கமக்காரரும் சிரித்தார். அவன் என்னைப் பார்த்து, "வாங்கோ சம்மாட்டியார், வெக்கப்படாதேங்கோ" என்றான். சம்மாட்டி என்றால் வள்ளமும் வலையும் வைத்து ஆட்களை நடத்துகிற முதலாளி. ஒரு சைக்கிளும் ஒரு பெட்டியும் வைத்திருந்த என்னை அவன் கடைசிவரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டான்.

களத்து ஓரத்தில் வாய்க்கால் பக்கமாக ஒரு மருதமரம் நின்றது. எல்லோரும் அதன் வேரடியில் செருப்பைக் கழற்றி வைப்பார்கள். நானும் அன்று அங்கே வைத்தேன். அதன் பிறகு மறக்கவேயில்லை.

என்னைச் சம்மாட்டியார் என்றவன் ஊர்க்கடைசியில் ஒரு மண்வீட்டில் மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் இருந்தான். சொந்தமாக இரண்டு எருமைகள் வைத்திருந்தான். மற்றப்படி கூலிவேலை. வாய் ஓயாது. மீனைத் தூக்கிப் பார்த்து, "இது எந்தக் கிழமை செத்த மீன்?" என்பான். நெல் கூடக் கேட்டால், "வெட்டிப்போடுவன் சம்மாட்டியார்" என்பான். சொல்லிக்கொண்டே தன் பங்கு நெல்லில் ஒரு கை கூடவே அள்ளிப் போடுவான். ஆரை வெட்டுவேன் என்பதிலும் அவனுக்கு யோசனை கிடையாது. மனைவியை வெட்டுவேன் என்பான், சாமானில் கலப்படம் செய்கிற கடைக்காரனை வெட்டுவேன் என்பான், மழையை வெட்டுவேன் என்றுகூடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஒரு வருடம், சூடு அடிக்கிற காலத்தில், அவனுடைய எருமைகள் இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்க் கமக்காரரின் கதிர்க்குவியலைத் தின்றுவிட்டன. கமக்காரர் அவற்றைப் பிடித்துத் தன் பட்டியில் கட்டிப்போட்டார். அவன் போய்க் கேட்டபோது கொடுக்கவில்லை. அன்று பின்னேரம் தேத்தண்ணிக் கடையில், பத்துப் பேருக்கு முன்னால், "விடியட்டும். ஒண்டில் மாட்டோடை வாறன், இல்லாட்டி அவரை வெட்டிப்போட்டு வாறன்" என்று சொன்னானாம். நான் அங்கே இருக்கவில்லை. ஆனால் அவன் அதைச் சொல்லியிருக்க மாட்டான் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

அடுத்த நாள் காலை நான் வாய்க்கால் வரம்பில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தபோது வெடிச்சத்தம் கேட்டது. அந்த நாட்களில் துவக்கு என்றால் பன்றிதான் நினைவுக்கு வரும். பயிர்க்காவலுக்கென்று அனுமதி எடுத்து ஒன்றிரண்டு கமக்காரர்கள் துவக்கு வைத்திருந்தார்கள். இன்றைக்கு இறைச்சி இருக்கிறது, ஆருக்கு மீன் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நான் ஆறுதலாகத்தான் நடந்தேன்.

மருதமரத்தடிக்கு வந்து சைக்கிளைச் சாத்தினேன். வழக்கம்போல் குனிந்து செருப்பைக் கழற்றினேன். வேரடியில் ஒரு சோடிச் செருப்பு இருந்தது. பின்னால் வார் போட்டு, கொளுக்கி மாட்டுகிற தோல் செருப்பு. குனிந்து கையால்தான் கழற்ற வேண்டும். அது அவனுடையது என்று எனக்குத் தெரியும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், களத்தைப் பார்த்தபடி இருந்தன. என் செருப்பை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

அவன் களத்தின் நடுவில் வைக்கோலில் சரிந்து கிடந்தான். நெஞ்சில் இரத்தம். ஒரு முழத் தூரத்தில் ஒரு காட்டுக்கத்தி கிடந்தது. அது கையில் இருந்து விழுந்ததா, இடுப்பில் இருந்து விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் எல்லோர் இடுப்பிலும் அப்படி ஒரு கத்தி இருக்கும். கமக்காரர் அவனுக்கு நாலைந்து அடி தள்ளி நின்றார். துவக்கின் வாய் நிலத்தைப் பார்த்திருந்தது. கூலியாட்கள் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்கள். வேறு ஒருவரும் இல்லை.

"வெட்ட வந்தவன் தம்பி. நான் என்ன செய்ய?" என்றார்.

அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்தேன். அவர் காலில் இரப்பர் செருப்பு இருந்தது. அது எனக்குப் புதினமாகப் பட்டது. அவ்வளவுதான், அந்த நேரத்தில் வேறு ஒன்றும் நினைக்கவில்லை. அவனிடம் ஓடிப்போய்த் தலையைத் தூக்கினேன். அவன் முடிந்துவிட்டான்.

பிறகு சனம் வந்தது. அவன் மனைவி தலைவிரி கோலமாக வரம்பில் ஓடிவந்தாள். ஆரோ பொலிசுக்குப் போனார்கள். மருதமரத்தடியில் ஆட்கள் நெருங்கி நின்றார்கள். அவர்களின் கால்களுக்கு இடையில் அந்தச் செருப்பு மிதிபட்டது. அப்போதுதான் நான் அந்தப் பிழையைச் செய்தேன்.

எங்கள் கரையில் கடலுக்குப் போகிறவர்கள் செருப்பை மணலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வள்ளத்தில் ஏறுவார்கள். திரும்பி வந்து போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஒருவர் திரும்பி வராவிட்டால், அவருடைய செருப்பு கரையில் கிடக்கக் கூடாது. அதைக் காண்கிறவர் எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்காரியின் கையில் கொடுக்க வேண்டும். என் அப்பாவின் செருப்பும் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் சனத்துக்குள் குனிந்து அந்தச் செருப்பை எடுத்தேன். மண்ணைத் தட்டினேன். கொண்டுபோய் அவளுடைய மடியில் வைத்தேன். சரியான காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன்.

பொலிஸ் வந்து களத்தை அளந்து படம் கீறியது. உடல் கிடந்த இடம், கத்தி கிடந்த இடம், குடில், துவக்கு எல்லாம் அந்தப் படத்தில் இருந்தன. செருப்பு இல்லை. என்னிடம் எத்தனை மணிக்கு வந்தாய், எங்கே நின்றாய், என்ன கண்டாய் என்று கேட்டார்கள். கேட்டதற்குச் சொன்னேன். சிங்களத்தில் எழுதி, ஒருவர் தமிழில் வாசித்தார். கையெழுத்து வைத்தேன். மரண விசாரணையிலும் அப்படியே நடந்தது. செருப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

மூன்று நாள் கழித்து வேறொரு களத்துக்கு மீன் கொண்டுபோனேன். ஓரத்தில் நின்று ஒரு செருப்பைக் கழற்றினேன். மற்றக் காலைக் கழற்றக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வெட்டுவதற்கு ஓடிவருகிறவன் குனிந்து, இரண்டு கொளுக்கியையும் கழற்றி, சோடியாக வைத்துவிட்டா வருவான்? முன்னால் துவக்கோடு ஒருவர் நிற்கும்போது? மாட்டைக் கேட்க வந்தவன்தான் அப்படி வருவான். களத்தை மதித்து, அந்த மனிதரையும் மதித்து, கேட்டுப் பார்க்கலாம் என்று வந்தவன்.

அவசரப்பட்டவர் செருப்போடு நின்றவர் அல்லவா என்று அதற்குப் பிறகு நினைத்தேன். குடிலில் இருந்து களத்துக்குள் அவர் செருப்போடு இறங்கியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் ஒருவன் கத்தியை ஓங்கிக்கொண்டு வந்திருந்தால், பயத்தில் அவரும் மறந்திருப்பார்தானே? இப்படி இரண்டு பக்கமும் யோசித்து யோசித்து எனக்குத் தலை வலித்தது. அன்று ஒரு மீனும் விற்கவில்லை.

மருதமரத்தடியில் அவன் செருப்பைக் கழற்றி வைத்ததை மட்டும் அவன் மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவள் உள்ளே போய்ச் செருப்பை எடுத்து வந்து முன்னால் வைத்தாள். கனநேரம் அதைப் பார்த்தாள்.

"ஊரிலை எல்லாரும் இவரை வெட்டப் போனவன் எண்டுதான் சொல்லுகினம் அண்ணை. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். இவர் கேக்கத்தான் போனவர் எண்டு ஒருக்காக் கோட்டிலை சொல்லிப்போடுங்கோ. என்ர பிள்ளையள் இந்த ஊரிலைதானே வளர வேணும்."

சொல்கிறேன் என்றேன்.

அவள் ஆரையோ பிடித்து அரச தரப்புக்கு அறிவித்து, என் பெயர் சாட்சிகளோடு சேர்ந்தது. வழக்கு நடக்க இரண்டு வருடம் போனது. அந்த இரண்டு வருடமும் கமக்காரர் பிணையில் ஊரில்தான் இருந்தார். என்னை வழியில் கண்டால் மீன் வாங்குவார். ஒரு சொல்லால்கூட மிரட்டியதில்லை. மிரட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒருமுறை என் சைக்கிள் முறிந்தபோது தன் மெசின் பெட்டியில் ஏற்றிப் பாலம்வரைக்கும் கொண்டுவந்து விட்டவர் அவர். அவருடைய காலில் செருப்பு இருந்ததை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, என் மனைவிக்குக்கூட. மருதமரத்தடியில் கிடந்ததைச் சொன்னால் அது செத்தவனைப் பற்றிய கதை. ஐயாவின் காலைச் சொன்னால் அது ஐயாவைக் குற்றம் சொல்வது. ஆரும் கேட்டால் சொல்வோம் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

தீர்ப்புச் சொல்ல யூரிமார் ஏழு பேர் இருந்து கேட்கிற பெரிய கோடு, அதாவது நீதிமன்றம், யாழ்ப்பாணத்தில் நடந்தது. தேத்தண்ணிக் கடைக்காரர் எனக்கு முதல் ஏறி, வெட்டிப்போட்டு வாறன் என்று அவன் சொன்னதைச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். கேள்வி இங்கிலீசில் வரும். ஒருவர் அதைத் தமிழில் சொல்வார். நான் சொல்வதை அவர் திரும்ப இங்கிலீசில் சொல்வார். என் சத்தம் காணாது என்று நீதிபதி இரண்டு தரம் சொன்னார்.

அரச தரப்பு வழக்கறிஞர் செருப்பு எங்கே, எப்படி இருந்தது என்று கேட்டார். சொன்னேன். களத்துப் பழக்கத்தையும் கேட்டார். சொன்னேன். யூரிமாரில் ஒருவர் முன்னால் குனிந்து காது கொடுத்துக் கேட்டார். அவன் மனைவி பின்வரிசை வாங்குப் பலகையில், மடியில் ஒரு பையோடு இருந்தாள். பைக்குள் அந்தச் செருப்பு இருந்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு கமக்காரருக்காக வாதாட வந்த அப்புக்காத்து எழும்பினார். அவர் என்னோடு கோபமாகவே பேசவில்லை. இதைப் பொலிசுக்குச் சொன்னீரா என்று கேட்டார். இல்லை என்றேன். மரண விசாரணையில்? இல்லை. பொலிஸ் கீறிய படத்தில் இருக்கிறதா? இல்லை. ஏன் இல்லை? நான் எடுத்துவிட்டேன் என்றேன்.

"ஏன் எடுத்தீர்?"

"கடலிலை போனவரின்ர செருப்பு கரையிலை கிடக்கக் கூடாது."

அதை மொழிபெயர்த்தவர் ஒருகணம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"இறந்தவர் கடலிலா இறந்தார்?"

கோடு சிரித்தது. நீதிபதி அமைதி என்றார். என் அப்பாவைப் பற்றிச் சொன்னால் விளங்கும் என்று நினைத்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

அடுத்ததாக, இறந்தவர் உம்மையும் வெட்டுவேன் என்று சொன்னதுண்டா என்று கேட்டார். அவன் செத்த பிறகு அவனுடைய பகிடிகளை நான் தேத்தண்ணிக் கடையில் சொல்லி அழுதிருக்கிறேன். அங்கிருந்துதான் அது போயிருக்க வேண்டும். சத்தியம் செய்துவிட்டேன், பொய் சொல்ல முடியாது. ஓம் என்றேன். ஒருதரமா, பல தரமா? பல தரம். "பகிடிக்கு" என்றும் சொன்னேன். அது என் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது போலிருக்கிறது. ஒருவரும் அதை மொழிபெயர்க்கவில்லை.

கடைசிக் கேள்வி எனக்கு நல்ல ஞாபகம். "சிறு வயதில் இருந்து பழகிய பழக்கம் கோபத்தில் இருக்கிறவனையும் விடாது. கை தானாகச் செருப்பைக் கழற்றும். அப்படி நடந்திருக்கலாம்தானே?"

நான் யோசித்தேன். வெடி கேட்ட அன்று நானும் ஒன்றையும் யோசிக்காமல்தானே குனிந்து கழற்றினேன். நடந்திருக்காது என்று எப்படிச் சத்தியம் பண்ணுவது?

"நடந்திருக்கலாம்" என்றேன்.

அப்புக்காத்து தலையைச் சாய்த்து நன்றி சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் இருந்துவிட்டார். அரச தரப்பு வழக்கறிஞர் எழும்பி, வேறு கேள்வி இல்லை என்றார். என்னை இறங்கச் சொன்னார்கள்.

சாட்சிக் கூட்டில் இருந்து இறங்கும் இரண்டாவது படியில் அந்தப் பதில் வந்தது. பழக்கம் கோபத்திலும் விடாது என்றால், ஐயாவை ஏன் விட்டது? அவர் காலில் ஏன் செருப்பு இருந்தது? நான் திரும்பிப் பார்த்தேன். கூட்டில் அடுத்த சாட்சி, உடலை வெட்டிப் பார்த்த வைத்தியர், ஏறிக்கொண்டிருந்தார். கையைத் தூக்கலாமா என்று நினைத்தேன். தூக்கினால் எல்லோரும் பார்ப்பார்கள். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் வாசலைக் காட்டினார். நான் வெளியே வந்துவிட்டேன்.

இன்றைக்கு யோசித்தாலும் அந்தப் படியில் இருந்து எனக்கு இறங்க முடியவில்லை. ஒரு கேள்வியில் தொங்கிய வழக்கு அல்ல அது என்று பிறகு புறக்கிராசியாக இருந்த ஒரு வழக்கறிஞர் எனக்குச் சொன்னார். கடையில் சொன்ன சொல்லும், பக்கத்தில் கிடந்த கத்தியும், அவருடைய வயதும், நல்ல பெயரும் போதும் என்றார். இருக்கலாம்.

தீர்ப்பு வந்த நாளிலும் நான் போயிருந்தேன். யூரிமார் உள்ளே போய்க் கனநேரம் இருக்கவில்லை. தன் உயிரைக் காக்கத்தான் சுட்டார், குற்றவாளி இல்லை என்றார்கள். கமக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த அழுகை பொய் என்று என்னால் சொல்ல முடியாது. அவருடைய ஆட்கள் அவரைச் சூழ்ந்து வெளியே கூட்டிப் போனார்கள்.

அவள் கோட்டுக்கு வெளியே வாங்கில் இருந்தாள். பையை ஒருவரும் திறந்து காட்டச் சொல்லவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணை, நீங்கள் கண்டது எல்லாத்தையும் சொன்னனீங்கள்தானே?"

"ஓம்" என்றேன்.

"அப்ப சரி. சொல்லியும் கேக்கேல்லை எண்டா, நீங்கள் என்ன செய்யிறது?"

அவள் என்னைத் தேற்றினாள். பிறகு பஸ்சுக்கு நேரமாகிறது என்று எழும்பினாள். பஸ்சில் எனக்கு முன் இருக்கையில் இருந்தாள். மன்னார் வரைக்கும் அவளுடைய பின்தலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். தட்டிக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று பல தரம் கை போனது. சொல்லி இனி என்ன? அவளுக்கு இன்னொரு பாரத்தைக் கொடுப்பதுதான்.

அடுத்த சூட்டுக் காலத்தில் அந்த மருதமரத்தடிக்கு நான் போனேன். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சைக்கிளைச் சாத்தினேன். செருப்பைக் கழற்ற முடியவில்லை. களத்துக்கு வெளியிலேயே நின்றேன். கமக்காரர் குடிலில் இருந்து கண்டு, தானே நெல்லைச் சுளகில் எடுத்துக்கொண்டு ஓரத்துக்கு வந்தார். ஒரு வருடத்தில் ஆள் மெலிந்து போயிருந்தார். வெறுங்காலோடு வந்தார். நான் அவருடைய காலைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவரும் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன மீன் தம்பி?" என்றார்.

"ஓராவும் ஒட்டியும் ஐயா."

நெல்லைச் சாக்கில் கொட்டினார். அது எப்போதும் தருவதைவிடக் கூட இருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரும் வழியில் அதை அப்படியே ஊர்க்கடைசி மண்வீட்டு வாசலில் இறக்கிவைத்துவிட்டு, அவள் கண்டு கேட்பதற்கு முதல் சைக்கிளில் ஏறிவிட்டேன். பிறகு அந்தக் களத்துக்குப் போகவில்லை. ஒருவரும் ஏன் என்று கேட்கவுமில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள், அதே தேத்தண்ணிக் கடையில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். வெளியூர் உழவு மெசின்காரன் ஒருவன் நிறுத்தி, ஒரு வயலுக்கு வழி கேட்டான். கடைக்காரர் கண்ணாடிக் குவளையைக் கழுவிக்கொண்டே கையைக் காட்டினார்.

"நேரை போங்கோ. அந்த வெட்டப் போனவன்ர வீட்டடியிலை இடக்கைப் பக்கம் திரும்புங்கோ."

அவர் அதில் ஒரு வன்மமும் இல்லாமல், மதவடி, புளியடி என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். மெசின்காரன் விளங்காமல் என்னைப் பார்த்தான்.

"இடக்கைப் பக்கமோ அண்ணை?"

"ஓம்" என்றேன். "இடக்கைப் பக்கம்தான்."